டிஸ்க் இருக்கிறது, பதிப்பு எங்கே?

பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுக் கருவியில், போடும் டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் விளையாட்டு பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

டிஸ்க்கில் இருப்பது அது அச்சான நாளின் பதிப்பு மட்டுமே, பெரும்பாலும் 1.00 என்ற எண்ணுடையது. அதற்குப் பிறகு நிறுவனம் திருத்தியதெல்லாம் அப்டேட்டாக இணையம் வழியாக வந்து கன்சோலுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வெளியான 2020 டிசம்பரில் அது இருந்த இருப்பைப் பார்த்து, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியே தன் இணையக் கடையிலிருந்து ஆறு மாதம் அதை எடுத்துவைத்திருந்தது. அன்றைய டிஸ்க்கைச் சேலத்தில் யாரிடமாவது பழைய விலைக்கு வாங்கி, ஏற்காட்டில் சிக்னல் எட்டாத ஓர் எஸ்டேட் வீட்டில் போட்டால், ஓடப்போவது அந்தப் பழைய விளையாட்டுதான். எண்ணை மட்டும் கேள்விப்பட்டு ஏமாறுவதும் உண்டு. 2023 செப்டம்பரில் வந்த அதன் 2.0 அப்டேட் பிளேஸ்டேஷன் 4-க்குத் தரப்படவே இல்லை. பதிப்பு எண்ணைக் குறிக்கும்போது கன்சோலின் பெயரையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

ஆக, பேக்கப் எடுக்க வேண்டியவை நான்கு: அடிப்படை விளையாட்டு, அப்டேட், காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதிகள், நீங்கள் ஆடி முடித்த இடத்தைக் குறித்துவைக்கும் சேவ் கோப்பு. இவை ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதுதான் வம்பு. பிளேஸ்டேஷன் 4-இல் வெளி ஹார்ட் டிஸ்க்கை விளையாட்டுகளுக்கென்று ஃபார்மட் செய்தால் முதல் மூன்றும் அதற்குப் போகும். சேவ் கோப்பு கன்சோலுக்குள்ளேயே தங்கிவிடும். நின்டெண்டோவின் கன்சோலான ஸ்விட்சிலும் இதே கதை. மைக்ரோ எஸ்டி கார்டில் சேவ் கோப்பு ஏறாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சித்தப்பா வீட்டுக் கன்சோலில் மாட்டிய பிறகு 'என் ஆட்டம் எங்கே' என்று தேடுவது இதனால்தான். பிளேஸ்டேஷன் 4-இன் சேவ் கோப்புகளை அமைப்புகள் பகுதிக்குப் போய்த் தனியாக ஒரு பென் டிரைவில் நகலெடுக்க வேண்டும். விளையாட்டுக்கென ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க் இதற்கு உதவாது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேவ் கோப்புகளை இப்படித் தனியே எடுக்க வழியில்லை. கட்டணக் கிளவுட் (இணையச் சேமிப்பு) அல்லது கன்சோலின் முழு பேக்கப், இரண்டில் ஒன்றுதான். சோனி இதை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு: பழைய பதிப்பில் புதிய சேவ் கோப்பைத் திறப்பது. கன்சோலைத் துடைத்துவிட்டு டிஸ்க்கிலிருந்து மறுபடி நிறுவுகிறீர்கள், விளையாட்டு 1.00-க்குத் திரும்பிவிட்டது. உங்கள் சேவ் கோப்போ 1.30-இல் எழுதப்பட்டது. சில விளையாட்டுகள் 'முதலில் அப்டேட் செய்யுங்கள்' என்று மரியாதையாகச் சொல்லும். சில, கோப்பு கெட்டுவிட்டது என்று பொய் சொல்லும். அதை நம்பி அழித்துவிடாதீர்கள். அபாயம் மூன்றாவது வகையில்தான்: கோப்பே இல்லாததுபோல் புது ஆட்டம் தொடங்கி, தானாகச் சேமிக்கும்போது பழையதன் மேலேயே எழுதிவிடும். கிளவுட் தானியங்கிப் பதிவேற்றம் இயக்கத்தில் இருந்தால் அந்த வெற்றுக் கோப்பு மேலே போய் அங்கிருந்த நல்லதையும் தின்றுவிடும். எனவே நிறுவுங்கள், அப்டேட் செய்யுங்கள், பிளேஸ்டேஷனில் விளையாட்டின் மேல் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தித் தகவல் பக்கத்தில் எண்ணைப் பாருங்கள், அதன் பிறகே சேவ் கோப்பை உள்ளே விடுங்கள். எதிர்த்திசை அவ்வளவு மோசமில்லை. பழைய கோப்பு புதிய பதிப்பில் பெரும்பாலும் திறக்கும். ஆனால் அங்கே ஒருமுறை சேமித்துவிட்டால் பின்னால் திரும்ப முடியாமல் போகலாம். பெரிய அப்டேட்டுக்கு முன்பு ஒரு நகல் எடுத்துத் தேதியையும் பதிப்பு எண்ணையும் பெயராக வைத்துவிடுங்கள்.

அந்த எண்ணைப் படிப்பதிலும் சறுக்கல் உண்டு. 1.10 என்பது 1.9-ஐவிடச் சிறியதல்ல, அதற்கு அடுத்தது. ஸ்விட்ச் விளையாட்டான அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் 2021-இல் 1.9, 1.10, 1.11 என்று நடந்துதான் 2.0-ஐ அடைந்தது. பள்ளியில் படித்த தசமக் கணக்கை இங்கே கொண்டுவந்தவர்கள் புதியதை அழித்துப் பழையதை வைத்துக்கொள்வார்கள். கணினியும் கோப்புப் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கி அதே தவறைச் செய்யக்கூடும், 1.09 என்று பூஜ்யம் சேர்த்து எழுதினால் தப்பலாம். ஸ்விட்சின் உள்ளே வேறோர் எண்ணும் ஓடுகிறது: முதல் அப்டேட் 65536, அடுத்தது 131072. திரையில் தெரியும் 1.0.1-க்கும் அதற்கும் நேர்க்கணக்கு கிடையாது, இரண்டையும் கலந்து குறிக்காதீர்கள்.

எல்லா அப்டேட்டையும் சேர்த்துவைக்க வேண்டுமா? ஸ்விட்சிலும் பிளேஸ்டேஷன் 4-இலும் தேவையில்லை. கடைசி அப்டேட்டுக்குள் முந்தையவை அடக்கம். பிளேஸ்டேஷன் 3 அப்படியல்ல, அங்கே பல விளையாட்டுகள் ஒவ்வொரு படியாக ஏறச் சொல்லும்.

பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் வாங்குபவர்கள் பெட்டியின் முதுகுப் பக்கத்தில் உள்ள கூசா (CUSA என்று தொடங்கும்) எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க டிஸ்க்குக்கும் ஐரோப்பிய டிஸ்க்குக்கும் அது வேறு. எண் மாறினால் அப்டேட் வேறு, சேவ் கோப்பு வேறு. இந்தியக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதி வேறு எண் கொண்ட டிஸ்க்கில் ஒட்டாமலும் போகலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பூட்டை உடைத்து நகலெடுக்கும் வித்தைகளுக்கு நான் வரவில்லை. கன்சோல் அனுமதிப்பதற்குள்ளேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

மலைமேல் மொபைல் டேட்டாவை நம்பி நாற்பது ஜிபி அப்டேட் இறக்குவது வீண் வேலை. சேலத்தின் அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீட்டில் கன்சோலை மாட்டி, ஹார்ட் டிஸ்க்கில் அப்டேட்டை இறக்கி எடுத்துச் செல்லுங்கள். பிளேஸ்டேஷன் 4 அப்டேட் செய்யும்போது ஏறக்குறைய முழு விளையாட்டின் அளவுக்குக் காலி இடம் கேட்கும். அதை முன்பே ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் நகலெடுக்க உட்காராதீர்கள். மேலே போனதும் உங்கள் கணக்கில் உள்நுழைய வேண்டும், அல்லது டிஸ்க்கைப் போட வேண்டும். ஸ்விட்சின் மைக்ரோ எஸ்டி கார்டை வேறொரு ஸ்விட்சில் மாட்டினால் எதுவும் ஓடாது, அது ஒரே கன்சோலுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ஸ்விட்சில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு: மென்பொருள் அப்டேட் பகுதியில், அருகில் உள்ளவரோடு பதிப்பைப் பொருத்திக்கொள்ளலாம். சேலத்தில் அப்டேட் செய்த ஒரு ஸ்விட்ச் மேலே போனால், அதே விளையாட்டை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையனும் இணையமே இல்லாமல் அந்த அப்டேட்டை அதிலிருந்து வாங்கிக்கொள்வான்.