சில்லறையில் நாணயம் தேடுகிறீர்களா? முதலில் புளியைத் தள்ளி வையுங்கள்

சில்லறைப் பாக்கெட்டைப் பிரித்து அரிய நாணயம் தேட ஆரம்பிப்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எதையும் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை நம்முடையது. அழுக்குக் காசைப் பார்த்தால் சும்மா இருக்காது. மயிலாப்பூரில் ஒரு பெட்டிக்கடையில் மீதிச் சில்லறையாக எனக்குப் பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய் கிடைத்தது. 2009-ல் வந்தது, அவருடைய கையெழுத்தைத் தமிழிலேயே பொறித்த காசு. ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குப் பொன் மாதிரி மின்னியது. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோதுதான் கன்னத்திலும் கையெழுத்திலும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. சில வாரங்களில் திட்டுத் திட்டாகக் கறுத்தும் போனது. அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த மேற்பரப்பைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அது ஒருமுறை போனால் போனதுதான். பிசுக்கு அதிகமென்றால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். விபூதி, பற்பசை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம்.

அடுத்த தவறு, எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் குறியைப் பார்க்கத் தெரியாமல் தேடுவது. வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரக்கட்டம் இருந்தால் மும்பை, சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் அது கொல்கத்தா. இது தெரியாமல், 'குறி விடுபட்ட பிழைக் காசு' என்று கொல்கத்தா நாணயங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு நல்ல விலை வருமென்று காத்திருப்பவர்கள் உண்டு. (சவுகார்பேட்டை பக்கம் தங்கசாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஆனால் நாணயம் அடிப்பது சென்னையில் நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.)

பிழை என்று நினைப்பதில் பெரும்பாலானவை பிழையே இல்லை. தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, சுத்தியலால் அடித்தது, அமிலத்தில் போட்டது எல்லாம் நாணயச் சாலையை விட்டு வெளியே வந்த பிறகு பட்ட அடி. அதற்கு மதிப்பில்லை. உண்மையான பிழை ஒன்றை வீட்டிலேயே சோதிக்கலாம். தலைப் பக்கத்தை நேராகப் பிடித்து, புத்தகத்தின் தாளைத் திருப்புவதுபோல் இடவலமாகத் திருப்புங்கள். நம் நாணயங்களில் மறுபக்கமும் நேராகவே நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது, எடுத்து வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கையடக்க லென்ஸ் ஒன்றும் காந்தம் ஒன்றும் போதும். பழைய குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்களைக் காந்தம் இழுக்காது, பின்னால் வந்த எஃகு நாணயங்களை இழுக்கும்.

விலை விஷயத்தில் வீடியோக்களை நம்பாதீர்கள். மாதா வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012-ஆம் ஆண்டு ஐந்து, பத்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்வார்கள். அவை புழக்கத்துக்கு விட்ட காசுகள். 'வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்றால் அது மோசடி. தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

இப்படி லட்சத்தையே தேடுகிறவர்கள் கையில் வரும் நம் ஊர்க் காசுகளைத் தவறவிடுகிறார்கள். எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-ல் வந்த திருவள்ளுவர், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு ஐந்து ரூபாய், காமராஜர் நூற்றாண்டு நாணயம், இவையெல்லாம் சில்லறையில் வரக்கூடியவை. விலை பெரிதாக இருக்காது, இருந்தாலும் எனக்கு இவைதான் பொக்கிஷம்.

சரி, சில்லறைக்கு எங்கே போவது? வங்கிக் கிளையில் நூறு நூறாகப் பாக்கெட் தருவார்கள். மாதத்தின் முதல் வாரக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள், கவுண்டரிலேயே பிரித்துக் கொட்டவும் வேண்டாம். தேடி முடித்த பத்து ரூபாய்களைக் கடைக்காரர் வாங்க மறுத்தால், அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், கிடைத்ததை பிவிசி உறையில் போடாதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். சென்னைக் கடல் காற்றுக்கு அட்டை ஹோல்டரும் டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும். ஹோல்டரின் ஓரத்தில் கிடைத்த தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதுங்கள். தேய்த்துக் கெடுத்த அண்ணா காசின் ஹோல்டரில் மயிலாப்பூர் என்று எழுதி இன்னும் வைத்திருக்கிறேன்.