கேம் ஓடுது, பாட்டு வரலை: பழைய பிளேஸ்டேஷன் சிடிகளைச் சேமித்த விதம்

பிளேஸ்டேஷன் 1 சிடிகளை வீட்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றியபோது சில கேம்களில் பின்னணி இசை மட்டும் காணோம். காரணம், சிடியை ஐஎஸ்ஓவாக (.iso, சிடியின் தரவை ஒரே கோப்பாக எடுக்கும் வடிவம்) எடுத்ததுதான். சிடியில் ஒரு செக்டார், அதாவது தரவு பதியும் சிறு துண்டு, 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட் தரவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த கேம்களில் இசை தனி ஆடியோ டிராக்குகளாக இருக்கும். அவை ஐஎஸ்ஓவுக்குள் வரவே வராது. 'பின்' (.bin, சிடியின் முழுத் தரவு), 'க்யூ' (.cue, டிராக் விவரம்) என்ற கோப்பு ஜோடியாக மறுபடி எடுத்ததும் இசை வந்துவிட்டது.

அடுத்த தலைவலி, விண்டோஸில் ஓடியது சர்வரில் "கோப்பு இல்லை" என்றது. க்யூ வெறும் டெக்ஸ்ட் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். முதல் வரியிலேயே மேற்கோள் குறிக்குள் பின் கோப்பின் பெயர் இருக்கும். வெளியே பெயரை மாற்றினால் உள்ளே பழைய பெயரே நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. உள்ளே இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிசெய்தால் போதும். டிராக் ஒவ்வொன்றுக்கும் தனி பின் கோப்பு இருந்தால் எல்லா வரியையும் பாருங்கள். நான் கடைசி வரியைத் தவறவிட்டு அரை மணி நேரம் தேடினேன்.

பிறகு மேம் (MAME) எமுலேட்டருடன், அதாவது பழைய கேம்களை ஓட்டும் மென்பொருளுடன், வரும் சிஎச்டிமேன் (chdman) கருவியால் சிஎச்டியாக (.chd, சுருக்கிய ஒற்றைக் கோப்பு) சுருக்கினேன். தரவு எதுவும் இழக்காது. உள்ளீடாக க்யூவைத்தான் கொடுக்க வேண்டும், பின்னை அல்ல. அதன் வெரிஃபை கட்டளை ஓடி முடியும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இரண்டு மூன்று டிஸ்க் உள்ள கேமுக்கு, ஒரு வரிக்கு ஒரு சிஎச்டி பெயராக வரிசைப்படி எழுதி எம்3யு (.m3u) பட்டியல் கோப்பாகச் சேமித்து, எமுலேட்டரில் அதையே திறங்கள்.