ஜப்பான் புறநகரில் பழைய ஃப்ளாட் வாங்கலாமா? அறைகளுக்கு முன் கணக்கைப் பாருங்கள்

டோக்கியோவுக்கு மேற்கே டாமா நியூ டவுனில் 1971 முதலும், ஒசாக்காவுக்கு வடக்கே சென்ரி நியூ டவுனில் 1962 முதலும் மக்கள் குடியேறினார்கள். அந்தக் காலத்து அடுக்குமாடி வீடுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. நகரத்துக்குள் இருக்கும் புது வீடுகளோடு பார்த்தால் விலை மிகவும் குறைவு. வெளிநாட்டவரும் வாங்கலாம். ஆனால் வீடு வாங்கியதால் விசா கிடைக்காது. கடன் தரும் வங்கிகள் பலவும் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்.

படி 1: அனுமதி தேதியைக் கேளுங்கள்

நிலநடுக்கத்துக்கான புதிய கட்டட விதி 1981 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தில் இருப்பது கட்டி முடித்த தேதி. நமக்கு வேண்டியது கட்டட அனுமதி கிடைத்த தேதி. 1982இல் முடிந்த கட்டடம்கூடப் பழைய விதிப்படி எழுந்ததாக இருக்கலாம். பழைய விதி என்றால் உடனே ஒதுக்க வேண்டாம். நிலநடுக்கப் பரிசோதனை நடந்ததா, வலுப்படுத்தும் வேலை முடிந்ததா என்று கேளுங்கள்.

படி 2: நடந்து பாருங்கள்

நிலையத்திலிருந்து 10 நிமிடம் என்றால் 800 மீட்டர் என்று பொருள். 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பதுதான் விளம்பரக் கணக்கு. மேடும் சிக்னலும் அதில் சேராது, டாமாவோ குன்றுப் பகுதி. ஐந்து தளக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மேல்தளம் மலிவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

படி 3: சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். வீட்டை வாங்கியதும் நீங்கள் கன்ரி குமிஆய் என்கிற உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினராகிவிடுவீர்கள். மாதாமாதம் இரண்டு தொகை கட்ட வேண்டும். கன்ரிஹி அன்றாடப் பராமரிப்புக்கு. ஷூஸென் த்சுமிதாத்தேகின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு.

இந்தச் சேமிப்புத் தொகை குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சுமார் 12 முதல் 15 வருடத்துக்கு ஒரு முறை சாரம் கட்டி வெளிச்சுவர், மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு எல்லாம் செய்வார்கள். அப்போது நிதி போதவில்லை என்றால் சங்கம் கடன் வாங்கும், மாதத் தொகையை ஏற்றும், அல்லது ஒரே தவணையில் உங்களிடம் வசூலிக்கும்.

அதனால் தரகரிடம் நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம், நிதி இருப்பு, பழைய வேலைகளின் பதிவு, பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் கேளுங்கள். கூட்டக் குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை உட்காரவைத்துப் படியுங்கள். நீர்க்கசிவுப் புகார், கட்டண உயர்வு, கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு எல்லாம் அதில்தான் இருக்கும். இன்னொன்று: விற்பவர் வைத்த பாக்கியைச் சங்கம் சட்டப்படி உங்களிடம் கேட்கலாம். கணக்கைக் காட்டத் தயங்கும் கட்டடத்தை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

படி 4: இப்போது வீட்டுக்குள் போங்கள்

புது வால்பேப்பரில் மயங்க வேண்டாம். தண்ணீர்க் குழாய்களை மாற்றினார்களா, எப்போது மாற்றினார்கள்? பழைய கட்டடங்கள் சிலவற்றில் உங்கள் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்குள் ஓடும். நீங்கள் நினைத்தபோது மாற்ற முடியாது. வீட்டுக்கு எத்தனை ஆம்பியர் மின்சாரம் எடுக்கலாம் என்றும் கேளுங்கள். ஜன்னலும் வாசற்கதவின் வெளிப்பக்கமும் பொதுச் சொத்து, சங்க அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. விளம்பரத்தில் உள்ள பரப்பளவு பொதுவாகச் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்தது. பதிவேட்டில் உட்சுவர் அளவு இருப்பதால் அது சற்றுக் குறையும். வீட்டுக் கடன் வரிச் சலுகைக்குப் பதிவேட்டு அளவைத்தான் பார்ப்பார்கள்.

படி 5: ஒப்பந்தம்

கையெழுத்துக்கு முன் உரிமம் பெற்ற நிபுணர் முக்கிய விவரங்களை விளக்கியாக வேண்டும். வெள்ள அபாய வரைபடத்தில் கட்டடம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதும் 2020 ஆகஸ்டு முதல் கட்டாயம். அந்த ஆவணத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள்.

முன்பணம் பெரும்பாலும் விலையில் 5 முதல் 10 சதவீதம். காரணமில்லாமல் பின்வாங்கினால் அது போய்விடும். எனவே வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்கிற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விலை 80 லட்சம் யென்னுக்கு மேல் என்றால் தரகுக் கட்டணத்தின் உச்சவரம்பு விலையில் 3 சதவீதமும் 60,000 யென்னும், அதன்மேல் நுகர்வு வரியும். அதற்கும் குறைந்த விலை வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் வரி உட்பட 3,30,000 யென் வரை கேட்கலாம்.

பதிவுச் செலவு, பதிவு செய்துதரும் சட்ட எழுத்தரின் கட்டணம், காப்பீடு தனி. குடியேறிச் சில மாதம் கழித்து, சொத்து வாங்கியதற்கான வரிச்சீட்டு தபாலில் வரலாம். அதற்கும் ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.