இனிஷியலில் ஒரு லோகோ: எழுத்தைச் சேர்க்கலாம், மாற்றிவிடக் கூடாது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வர்க்கி, வீட்டுச் சாக்லேட், தைலம், தேன் என்று சிறிய அளவில் செய்து விற்பவர்கள் பொட்டலத்தின் மேல் போட ஒரு லோகோ தேடுவார்கள். கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மலை முக்கோணம், இரண்டு இலை ஒரு மொட்டு, இல்லாவிட்டால் குறிஞ்சிப் பூ. மூன்றும் அழகுதான், ஆனால் பக்கத்துக் கடையிலும் அவையேதான் இருக்கும். உங்கள் பெயரின் முதலெழுத்துகளை ஒழுங்காக வரைந்தால் வேறு படமே தேவையில்லை.

ஆங்கில எழுத்துக்கு இந்த வழி பழையது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) அகன்ற ‘ஏ’ ஒன்றை வரைந்து அதன் கால்களுக்கு நடுவே ‘டி’யை வைத்துத் தன் படங்களில் முத்திரையாகப் போட்டார். அதைப் பார்த்து அப்படியே தமிழில் செய்யப் போனால் சறுக்கும். ஆங்கில இனிஷியல் ஒரே ஓர் எழுத்து. நம் இனிஷியல் ஓர் அசை. ‘கோ’ என்றால் இரட்டைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டு. துண்டுகள் இடம் மாறினாலோ, ஒரு கோடு கொஞ்சம் நீண்டாலோ ஒலியே மாறிவிடும். லோகோ கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் உங்கள் எழுத்தைப் பாருங்கள்

கட்டம் போட்ட நோட்டு, 2பி பென்சில், பட்டர் பேப்பர், கறுப்பு மார்க்கர் ஆகியவை போதும். கணினியை இப்போது திறக்க வேண்டாம். எழுத்துருவைத் தட்டிப் பார்த்தால் கண் அதிலேயே நின்றுவிடும், கை வேறு வழி தேடாது.

எழுத்துகளைப் பெரிதாக எழுதி, ஒன்றோடு ஒன்று எங்கே ஒட்டும் என்று பாருங்கள். ப, ம இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள். ஒரு காலைப் பங்கு போட்டுக்கொள்ளும். க, ச, த, ந, ர ஐந்துக்கும் தலையில் கிடைக்கோடு உண்டு. அதை நீட்டி இரண்டு எழுத்தையும் ஒரே கோட்டில் தொங்கவிட ஆசை வரும். செய்யாதீர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் இந்தி எழுத்துப் போலத் தெரியும். ஞ, ண, ஜ, ஐ போன்றவற்றில் சுழியும் வளைவும் அதிகம். அவற்றோடு எதையும் ஒட்டாமல் பெரிதாக ஒன்றை மட்டும் வைத்து, இனிஷியலை அடியில் சிறியதாக எழுதுவதே நல்லது.

‘லை’, ‘ணை’ போன்ற எழுத்துகள் உங்கள் பெயரில் இருந்தால் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இவற்றில் ஐகாரம் தும்பிக்கை போல எழுத்தின் தலையிலேயே வளைந்து ஏறும். அந்த வளைவு லோகோவுக்கு மிக அழகு. ஆனால் இளைய தலைமுறைக்கு அது வாசிக்க வராது. பெயரை முழுதாகப் பக்கத்தில் எழுத இடம் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ப. ம. — ஒரு சோடியைக் கட்டத்தில் வரைந்து பார்ப்போம்

கோட்டின் தடிமன் ஒரு கட்டம், எழுத்தின் உயரம் 6 கட்டம். ‘ப’வுக்கு இடது கால் 1-ஆம் நெடுவரிசை, வலது கால் 5-ஆம் நெடுவரிசை. அந்த வலது காலே ‘ம’வின் இடது காலும் ஆகட்டும். ‘ம’வின் வளைவுக்கு ஒரு கால் 8-இல், இன்னொரு கால் 11-இல். உள்ளே விடும் வெள்ளை எங்கும் இரண்டு கட்டத்துக்குக் குறையவில்லை. சின்னதாக அச்சடித்தால் மை பரவி முதலில் அடைபடுவது இந்த வெள்ளைதான். அதனால் கோட்டின் தடிமனைவிட அது ஒருபோதும் குறுகக் கூடாது.

இப்படி வரைந்ததை உங்கள் பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ‘ய’ என்று தொடங்குவார். ஒரே அடிக்கோட்டில் மூன்று கால் எழும்பி நின்றால் தமிழ்க் கண்ணுக்கு அது ‘ய’தான்.

சரி, ‘ம’வை இரண்டு கட்டம் கீழே இறக்கலாமா? அப்போது பங்கு போட்ட கால் ‘ப’வின் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே நீளும். வலது கால் கீழே நீண்ட ‘ப’, ‘பு’ ஆகிவிடும். பெயரே மாறிப்போயிற்று.

‘ம’வை இரண்டு கட்டம் மேலே ஏற்றுங்கள். கீழிருந்து எண்ணினால் ‘ப’வின் அடிக்கோடு 1-ஆம் வரிசையில், ‘ம’வின் அடிக்கோடு 3-ஆம் வரிசையில், நடுக்கால் 1 முதல் 8 வரை. கீழே எதுவும் நீளவில்லை. அடிக்கோடு இரண்டாகப் பிரிந்ததால் ‘ய’வும் மறைந்தது. ‘ம’ ஒரு படி மேலே நிற்கிறது, தேயிலைத் தோட்டத்துப் பாத்தி போல. மலையைத் தனியாக வரையாமலே மலை வந்துவிட்டது.

மொத்த அளவு 11 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம். மூலைக்கு மூலை 13.6 கட்டம் வரும். வாட்ஸ்அப் டிபி வட்டமாக வெட்டப்படும். 14 கட்ட விட்டத்தில் மட்டுமட்டாக அடங்கும், 16 கட்டம் விட்டால் மூச்சு விடும்.

மற்றச் சோடிகளிலும் இதே கண்ணோடு பாருங்கள். ‘ப’வுக்குப் பக்கத்தில் ‘ர’வை ஒட்டி, அதன் அடியில் உள்ள சாய்ந்த வாலைச் சுருக்கினால் ‘பா’ ஆகிவிடும். ‘எ’, ‘ஒ’ இரண்டின் கீழ்க்கோட்டையும் அலங்காரத்துக்காக நீட்டினால் ‘ஏ’, ‘ஓ’ போலத் தெரியும். ‘மு’வும் ‘மூ’வும் 8 மி.மீ. அளவில் ஒன்றுபோலத் தெரியும்.

புள்ளியையும் கவனியுங்கள். இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியை எடுத்துவிடலாம், தவறில்லை. வைப்பதானால் அடிக்கோட்டில் வையுங்கள். அழகுக்காகத் தலைக்கு மேல் ஏற்றினால் ‘ச’ ‘ச்’ ஆகிவிடும், தமிழ்ப் பெயர் எதுவும் அப்படித் தொடங்குவதில்லை.

கணினியில்

பட்டர் பேப்பரில் நகலெடுத்து, மார்க்கரால் நிரப்பி, போனில் நேராகப் படம் எடுத்து இன்க்ஸ்கேப்பில் அடியில் வையுங்கள். அது இலவச மென்பொருள். தானாகத் தடம் எடுக்கும் வசதியை நம்ப வேண்டாம், கோட்டு ஓரம் அலையலையாக வரும். கிரிட்டைப் போட்டுக்கொண்டு செவ்வகங்களால் கட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணையுங்கள். கிடைக்கோடும் நெடுக்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடு தடித்துத் தெரியும். அதைச் சுமார் 10 சதவீதம் மெலிதாக்குங்கள். வளைந்த உச்சியைப் பக்கத்துக் காலைவிட மயிரிழை உயர்த்துங்கள், அப்போதுதான் இரண்டும் சமமாகத் தெரியும்.

அடியில் முழுப் பெயரை எழுத நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரான் போன்ற இலவச எழுத்துருக்கள் போதும். எழுதிய உடனே அதைப் ‘பாத்’ (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றிவிடுங்கள். இதை விட்டால் அச்சகத்தில் கொம்பு இடம் மாறி, காலுக்கு முன்னால் புள்ளி வட்டம் தோன்றும். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, பழைய மென்பொருளாக இருந்தால் யூனிகோடு தமிழையே அது சரியாகக் கோக்காது. எஸ்விஜி ஒன்று, பிடிஎஃப் ஒன்று, 1000 பிக்சல் அகலப் பிஎன்ஜி ஒன்று என்று மூன்றும் கையில் இருக்கட்டும்.

எதன் மேல் போடப் போகிறீர்கள்?

நிறத்தைக் கடைசியில் யோசியுங்கள். பிளாஸ்டிக் பைக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை இருப்பதால் உங்கள் லோகோ அதிகமும் பழுப்புக் காகிதப் பையில், ரப்பர் ஸ்டாம்பாகத்தான் இறங்கும். அங்கே ஒரே நிறம்தான். கறுப்பில் நிற்காத லோகோ எந்த நிறத்திலும் நிற்காது. ஸ்டாம்பில் எந்தக் கோடும் 0.5 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. மேலே வரைந்த ‘பம’வை 20 மி.மீ. அகலத்தில் போட்டால் ஒரு கட்டம் 1.8 மி.மீ. வரும், தாராளம். துணிப்பையில் மெஷின் எம்பிராய்டரி என்றால் கோடு குறைந்தது 1 மி.மீ. வேண்டும்.

தைலக் குப்பிக்குத் தனிக் கவனம் வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெய் அச்சு மையைக் கரைக்கும். ஊற்றும்போது வழிந்த ஒரு சொட்டே லேபிளை அழித்துவிடும். லேமினேட் செய்த லேபிளை ஒட்டுங்கள், லோகோவைக் குப்பியின் வாய்ப்பக்கத்திலிருந்து தள்ளிக் கீழே வையுங்கள். சாக்லேட் அச்சில் எழுத்தைப் பதிப்பதானால் ஆழம் 1.5 முதல் 2 மி.மீ., பக்கச் சுவர் கொஞ்சம் சரிவு, உள்மூலைகள் உருண்டை. கூரான மூலையில் காற்றுக் குமிழ் தங்கி எழுத்தின் முனை உடைந்து வரும்.

சாலையோரப் பலகைக்கு, 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. எழுத்துயரம் என்பது பொதுவான கணக்கு. கொண்டை ஊசி வளைவு முடிந்து 15 மீட்டரில் பலகை தெரிகிறது என்றால் 12.5 செ.மீ. ஆனால் மூடுபனி இந்தக் கணக்கை ஏற்காது, இரண்டு பங்காக்குங்கள். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: அச்சடித்த லோகோவுக்கு ஒரு செ.மீ. மேலே பட்டர் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். அதன் வழியே படிக்க முடிந்தால் பனியிலும் ஓரளவு படிக்க வரும். வெள்ளைப் பின்னணியில் இளம்பச்சை அதில் முதலில் மறையும். சிவப்பும் வேண்டாம், மலை வெயிலில் அதுதான் சீக்கிரம் வெளுக்கும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையும் வேண்டாம், ஈரத்தில் உப்பும்.

சிலர் தோடர் பூவேலையின் கோலங்களை எழுத்தைச் சுற்றி வைக்கக் கேட்பார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணித் தைக்கும் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது அந்த மக்களின் அடையாளம், உங்கள் பொட்டலத்துக்கு எடுக்க வேண்டாம்.

வியாபாரம் நிலைத்த பிறகு டிரேட்மார்க் பதியலாம். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். வெறும் இரண்டு எழுத்தை மட்டும் கேட்டால் தனித்தன்மை இல்லை என்று ஆட்சேபம் வரக்கூடும். வரைந்த வடிவத்தைப் படமாகவே கொடுங்கள், கறுப்பு வெள்ளையில்.