உறையில் எழுதிய தேதியை நம்பாதீர்கள்: எழுபதுகளின் ராக் கச்சேரி கேசட்டைக் கணினிக்கு மாற்றும் முறை

லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் போன்ற ராக் குழுக்களை அந்தக் காலத்தில் நேரில் பார்த்த ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அடுத்த நிமிடம் அலமாரியிலிருந்து ஒரு கேசட் வெளியே வரும். உறையில் பேனாவால் ஓர் ஊர், ஒரு தேதி. இரண்டில் ஒன்றாவது தப்பாக இருப்பது சகஜம். ஐம்பது வருடம் பழைய ஞாபகமும் அப்படித்தான். எது எந்தக் கச்சேரி என்று சொல்லும் சாட்சி டேப்பில் இருக்கும் சத்தம்தான். ஆனால் டேப் சரியான வேகத்தில் ஓடினால்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு. அதனால் முதலில் ஒழுங்காக மாற்றுங்கள், பிறகு வேகத்தைச் சரிசெய்யுங்கள், தேதியைக் கடைசியில் தேடுங்கள். இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

கேசட்டை டெக்கில் போடுமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். நடுவில் செம்புப் பட்டையின் மேல் சின்ன ஃபெல்ட் திண்டு ஒன்று இருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்குவதும் தெளிவதுமாக இருக்கும். அப்போது டேப்பைத் திருகு வைத்த வேறொரு கூட்டுக்கு மாற்றுவதுதான் வழி. சுருள்கள் அவிழாமல் இரண்டையும் சேர்த்துத் தூக்குங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த டேப் என்றால் ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பவும் சுற்றிய பிறகே ஓட்டுங்கள். 120 நிமிடக் கேசட்டான சி-120க்கு மட்டும் இது வேண்டாம். அதன் டேப் மிக மெல்லியது, வேகமாகச் சுற்றினால் நீளும், சிக்கும். அதை ஒரு முழுப் பக்கம் சாதாரண வேகத்திலேயே ஓடவிடுங்கள்.

டெக்கின் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், தவிர்ப்பது நல்லது. டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் பிஞ்ச் ரோலருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ரோலர் கண்ணாடிபோல் மின்னினால் ரப்பர் இறுகிவிட்டது என்று அர்த்தம். நீண்டு நிற்கும் சுரங்கள் அந்த ரோலரில் நடுங்கும். ஆர்கனில் அது அப்பட்டமாகக் காதில் விழும்.

அடுத்தது அசிமுத். பதிவு செய்த ஹெட் டேப்புக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ, உங்கள் ஹெட்டும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். ஹெட்டின் இரு பக்கமும் உள்ள திருகுகளில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதுதான் பொதுவாக அசிமுத் திருகு. பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டபடி, கைதட்டல் ஓடும் இடத்தில் திருகை மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. கைதட்டல் மழைபோல் கேட்பதிலிருந்து தனித்தனிக் கைகளாகப் பிரியும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கோணம் தவறினால் இரு சேனலும் முன்பின்னாக வந்து, சேர்க்கும்போது உயர் அலைவெண் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் இது ஒளிந்துகொள்ளும். பி பக்கத்துக்கு இதே வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைட், ஒரு சி-90 முழுக்க ஒன்றரை கிகாபைட். 96 கிலோஹெர்ட்ஸ் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்களோடு சண்டை இல்லை, டிஸ்க் அவர்களுடையது. உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். அளவைப் பாட்டில் வைக்காதீர்கள், பாட்டு முடிந்து கூட்டம் கத்தும் இடத்தில் வையுங்கள். மைக்குக்குப் பக்கத்தில் விசிலடித்தவர் கிட்டாரை விடச் சத்தமாக இருப்பார். உறையில் டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் பதிவு முறை) பற்றி எதுவும் இல்லையென்றால் டால்பி இல்லாமலும், டால்பி பி போட்டும் இருமுறை மாற்றிவிடுங்கள். இரைச்சல் நீக்கி மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். அது இரைச்சலோடு டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுச் சத்தத்தையும், சற்று நேரத்தில் நமக்குத் தேவைப்படப் போகிற ஹம் என்னும் மின்சார முனகலையும் துடைத்துவிடும்.

இப்போது வேகம். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். கையடக்க ரெக்கார்டர்கள் அதை ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொண்டன. கச்சேரி போகப் போக பேட்டரி இறங்கும், டேப் மெதுவாக நகரும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் 3 கட்டையில் கேட்ட பாடகர் கடைசியில் 4 கட்டையில் நின்றால், அவருக்குக் குரல் ஏறவில்லை, பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஆறு சதவீத வேக மாற்றம் என்பது கிட்டத்தட்ட அரைக் கட்டை.

அதே பாட்டின் இசைத்தட்டு ரெக்கார்டுடன் சேர்த்து ஓட்டிக் காதால் சரிசெய்வது ஒரு வழி. மேடையில் இசைக்குழு ரெக்கார்டின் சுருதியிலேயே வாசித்தது என்று நிச்சயமில்லாததால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். அதைவிட நம்பகமானது மின்சாரம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் 'உம்ம்' என்று முனகும். அமெரிக்காவில் அந்த ஹம் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 50. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அமைதியான 20 நொடியைத் தேர்ந்து, அலைமாலை வரைபடத்தை 65536 அளவில் போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் முகட்டைப் பார்க்காதீர்கள், அதன் மூன்றாம் மடங்கைப் பாருங்கள். அங்கே பிழை மூன்றில் ஒன்றாகக் குறையும். அமெரிக்கக் கச்சேரி ஒன்றில் 180 இருக்க வேண்டிய இடத்தில் 184.5 தெரிகிறது என்று வைப்போம். டேப் 2.5 சதவீதம் வேகமாக ஓடுகிறது. திருத்தம் -2.5 அல்ல. 180-ஐ 184.5-ஆல் வகுத்தால் 0.9756, அதாவது -2.44 சதவீதம். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கருவியில்தான் இதைப் போட வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கருவியில் போட்டால் தாளம் தப்பான வேகத்திலேயே நிற்கும்.

ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டெக்கிலிருந்தும் கேபிளிலிருந்தும் வரும் 50, 150 முகடுகள் உங்கள் வீட்டுடையவை, கச்சேரியுடையவை அல்ல. கேசட் போடாமல் பத்து நொடி பதிந்து, எந்தெந்த முகடு உங்களுடையது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஹம் தெரிந்தால் அது நகலின் நகல். ஒவ்வொரு டெக்கும் தன் முனகலைச் சேர்த்திருக்கும்.

டீப் பர்ப்பிள் டேப் என்றால் இன்னொரு துருப்புச் சீட்டு இருக்கிறது, ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன். அதன் பற்சக்கரங்களை ஓட்டும் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டப்பட்டது. அதைச் சுருதி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. உரிய மின்சாரத்தில் அதன் ஏ (A) சுரம் சரியாக 440 ஹெர்ட்ஸ். ஆகவே நீண்டு நிற்கும் ஓர் ஆர்கன் சுரத்தை அளந்தால் வேகம் கையில். திறந்தவெளியில் ஜெனரேட்டரை நம்பி நடந்த கச்சேரிகளில் மட்டும் இதை நம்ப வேண்டாம். ஜெனரேட்டர் தளர்ந்தால் ஆர்கனும் தளரும்.

இதே கணக்கு ஊரைக்கூடச் சொல்லும். ஜப்பானின் கிழக்கில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்ட் 15, 16இல் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோ புடோகானிலும் வாசித்தார்கள். அந்த வாரத்து ரசிகர் டேப்பில் ஏ சுரத்தின் அலைவெண்ணை மேடை ஹம்மின் அலைவெண்ணால் வகுங்கள். 8.8க்குப் பக்கம் வந்தால் டோக்கியோ, 7.3க்குப் பக்கம் வந்தால் ஒசாகா. டேப் எந்த வேகத்தில் ஓடினாலும் இந்த விகிதம் மாறாது.

தேதிக்கு வருவோம். முதலில் உறையில் இருக்கும் எண்ணின் வரிசை. 5/8/77 என்று அமெரிக்கர் எழுதினால் அது மே 8; கிரேட்ஃபுல் டெட் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வாசித்த நாள். நம் ஆட்கள் அதை ஆகஸ்ட் 5 என்று படித்துவிட்டு, அன்று கச்சேரியே இல்லையே என்று குழம்புவார்கள். பிறகு டேப்பின் வகை. மெட்டல் டேப் 1979இல்தான் வந்தது, டால்பி சி 1980இல். 1973 கச்சேரி அவற்றில் இருந்தால் கையில் இருப்பது நகல்.

அடுத்து யார் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். டீப் பர்ப்பிளின் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் குளோவரும் 1973 ஜூன் 29 ஒசாகா கச்சேரியோடு விலகினார்கள். மேடையில் இரண்டு பாடகர்கள் மாறி மாறிப் பாடினால் அது அவர்கள் இடத்துக்குக் கவர்டேலும் ஹியூஸும் வந்த பிறகு. பாட்டு வரிசையும் உதவும், ஆனால் ஆல்பம் வெளியான தேதியைக் கீழ் எல்லையாக வைக்காதீர்கள். செப்பலின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை 1971 மார்ச் 5 அன்று பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலில் முதன்முதலில் வாசித்தார்கள். ஆல்பம் வந்தது நவம்பரில். பிங்க் ஃபிளாய்ட் இதில் இன்னும் மோசம். 1973 மார்ச்சில் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' தொகுப்பை 1972 ஜனவரியிலிருந்தே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1977இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பாட்டுகள் சில வேறு பெயரில் 1974 மேடையிலேயே இருந்தன.

ஒரு பாட்டு டேப்பில் இல்லை என்பதால் அன்று வாசிக்கவில்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. சி-90இன் ஒரு பக்கம் 45 நிமிடம். நீண்ட தனியாவர்த்தனத்தின் நடுவே பக்கம் முடியும், திருப்புவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கியிருக்கும். டேப்பை மிச்சம் பிடிக்க இடையிடையே நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களால் நமக்குப் போனது பாடகர் ஊர்ப் பெயர் சொல்லிப் பேசிய பேச்சு.

கடைசியாக, நேரில் பார்த்தவரிடம் கேட்பது. டேப்பைப் போட்டுக் காட்டுவதற்கு முன் கேளுங்கள். தேதியையும் பாட்டு வரிசையையும் நீங்களாகச் சொல்லிவிட்டால் அதன் பிறகு அவர் சொல்வதெல்லாம் உங்கள் குரலின் எதிரொலிதான். "அந்தப் பாட்டு வாசித்தார்களா?" என்ற கேள்வி வீண், ஆமாம் என்றுதான் பதில் வரும். மேடைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், முதலில் வாசித்த குழு எது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எதாவது தடைப்பட்டதா, எப்படி வீடு திரும்பினீர்கள் என்று கேளுங்கள். தடைகள் தங்கம். தி ஹூ கச்சேரியில் டிரம்மர் கீத் மூன் மயங்கிச் சரிந்தார், கூட்டத்திலிருந்து ஒரு பையன் ஏறி டிரம்ஸ் வாசித்தான் என்று ஒருவர் சொன்னால் வேறு தேதி தேட வேண்டாம்: 1973 நவம்பர் 20, சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய கவ் பேலஸ் அரங்கம், ஏறிய பையன் 19 வயது ஸ்காட் ஹால்பின்.

மாறாக, செப்பலினின் 1973 நியூயார்க் கச்சேரிகளை முகபாவம் வரை துல்லியமாக விவரிப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1976இல் வந்த படத்துக்காக அந்த மேடைக் காட்சிகளில் ஒரு பகுதியை 1974இல் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் திரும்ப எடுத்தார்கள். அவர் ஞாபகத்தில் இருப்பது தியேட்டர் திரையாகவும் இருக்கலாம்.

கிடைத்ததையெல்லாம் ஓர் எழுத்துக் கோப்பில் போடுங்கள்: கேசட்டின் பெயர், டெக், டால்பி உண்டா இல்லையா, செய்த வேகத் திருத்தம் எத்தனை சதவீதம், எந்த இடத்து ஹம்மை வைத்து. ரசிகர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தனிப் பத்தியாக எழுதுங்கள், டேப்பில் கேட்டதோடு கலக்காதீர்கள். திருத்தாத மூலப் பதிவையும் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) வடிவில் தனியாக வையுங்கள். எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழித்தால் திரும்ப வழியில்லை. நாள் தெரியாவிட்டால் கோப்புக்கு 1973-00-00 என்றே பெயர் வையுங்கள். ஊகித்த தேதியைப் பெயரில் போட்டால், அடுத்து அதை நகலெடுப்பவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.