கரண்ட் போனாலும் பொழைக்கிற மீன்: மொதல் தடவ மீன் வளர்க்கறவங்களுக்கு

அக்கா பொண்ணு பாண்டி லாஸ்பேட்டைல இருக்கா. போன வாரம் போன் பண்ணி, "மாமா எனக்கு மீன் வேணும், ஆனா வேலை கம்மியா இருக்கணும், அம்மா திட்டக்கூடாது"ங்கறா. மூணும் சேர்ந்து நடக்கறது கஷ்டம்தான், ஆனா மொதல் ஒரு மாசம் மட்டும் பொறுமையா இருந்தா அப்புறம் வாரத்துக்கு அரைமணி நேரம் போதும்னு சொன்னேன். அவளுக்கு வாட்ஸப்புல துண்டு துண்டா அனுப்பினத இங்க ஒழுங்கா எழுதி வெக்கிறேன், ஒழுங்கானு சொல்றேன், பாப்போம்.

மொதல்ல ஒரு கதை. 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறின நாள். எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம், ஹால்ல ரெண்டடி தொட்டி, அதுல நாலு கோல்டு ஃபிஷ். கரண்டு போனது போனதுதான், நாள் கணக்கா வரல. பம்பு நின்னு மறுநாளே மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது, நானும் அம்மாவும் மாத்தி மாத்தி சொம்புல மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தோம், கை வீங்கினதுதான் மிச்சம், நாலாவது நாள் ஒண்ணுதான் உயிரோட இருந்துச்சு. அதே வீட்டுல சமையக்கட்டு ஜன்னல்ல தம்பி ஒரு ஊறுகாய் ஜாடில ஃபைட்டர் மீன் ஒண்ணு வெச்சிருந்தான், அதை ஒருத்தரும் திரும்பிக்கூட பாக்கல, அது பாட்டுக்கு ஜம்முனு சுத்திக்கிட்டு இருந்துச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். ஃபைட்டருக்கு செவுளு தவிர தலைக்குள்ள இன்னொரு மூச்சு உறுப்பு இருக்கு, லேபிரிந்த்னு பேரு, அத வெச்சு மேல வந்து நேரா காத்தையே இழுத்துக்கும். நம்ம ஏரில கெடைக்கிற பனையேறி கெண்டை இருக்கே, மீன்காரம்மா கூடைல மணிக்கணக்கா துள்ளிக்கிட்டு கெடக்குமே, அதுக்கும் இதே உறுப்புதான், ரெண்டும் தூரத்து சொந்தம். புயலும் பவர்கட்டும் வர்ற ஊருல இருந்துக்கிட்டு மீன் தேர்ந்தெடுக்கறப்ப, கலரு அழகுக்கு முன்னாடி 'பம்பு நின்னா இது என்ன ஆகும்'னு ஒரு தடவ யோசிச்சுக்கங்க.

1. எந்த மீன்

என் கணக்குல புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ரெண்டே ரெண்டுதான்.

ஒண்ணு ஃபைட்டர், பீட்டானும் சொல்வாங்க. தாய்லாந்து பக்கத்து மீன், அங்க 2019ல தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுட்டாங்க. ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு ஆண், அவ்ளோதான். ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா கிழிச்சு வெச்சுரும். 'பாவம் தனியா இருக்கு'ன்னு ஜோடி சேத்து வெக்கிற வேலையே வேணாம், அதுக்கு தனிமைதான் சுகம். ரெண்டு மூணு வருஷம் நல்லாவே இருக்கும்.

இன்னொண்ணு கப்பி. சின்ன மீன், வால்ல விதவிதமா கலரு. இதுல ஒரே பிரச்சனை குடும்பக் கட்டுப்பாடு கெடையாது. முட்டை இல்ல, குட்டியாவே போடும், சுமாரா நாலு வாரத்துக்கு ஒரு தடவ. பெண் கப்பி ஒரு தடவ சேந்துட்டா மாசக்கணக்கா ஆணோட விந்தை உள்ள சேமிச்சு வெச்சு ஆண் இல்லாமயே திரும்ப திரும்ப குட்டி போடும், அதனால 'பொம்பள மீன் மட்டும் வாங்கறேன்'னு புத்திசாலித்தனம் பண்ணா மாட்டிப்பீங்க. வேலை வேணாம்னா ஆண் மட்டும் வாங்குங்க: சின்ன உடம்பு, பெரிய வால், கலர் நெறைய. குண்டா சாம்பல் கலர்ல வயித்தடில கருப்பு புள்ளி இருந்தா அது பெண்.

கோல்டு ஃபிஷ் வேணாம். தெரியும், எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. அது நல்லா வளந்தா அரையடிக்கு மேல போகும், பத்து வருஷத்துக்கு மேல வாழற மீன், சாப்பிடறதும் கழியறதும் ஜாஸ்தி. கண்ணாடி உருண்டைக்குள்ள அத வெக்கிறது ஆளை ஆட்டோவுக்குள்ள குடி வெக்கிற மாதிரி. அதே மாதிரி கடைக்காரர் 'டேங்க் கிளீனர் சார், அழுக்கெல்லாம் தின்னுரும்'னு கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கற சக்கர் மீனை தள்ளி விடுவாரு, வாங்காதீங்க. அது அழுக்கு தின்றத விட போடற அழுக்கு அதிகம், ஒரு அடிக்கு மேல வளரும், அப்புறம் வெக்க எடமில்லாம ஜனங்க கொண்டு போய் ஏரில விட்டு, இப்ப தமிழ்நாட்டுல பல ஏரி குளத்துல வலை போட்டா இதான் வருது. பெருமாள் ஏரியோ ஊசுடேரியோ கெடிலமோ, வீட்டு மீன் எதையும் அங்க விடாதீங்க, கப்பியக்கூட.

2. தொட்டி

ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடித் தொட்டி வாங்குங்க. முழுசா ரொப்பினா 28 லிட்டர், நாம கொஞ்சம் கொறச்சு 22, 23 லிட்டர் வெச்சா போதும். ஒரு ஃபைட்டர், இல்லன்னா நாலஞ்சு ஆண் கப்பி, 'இல்லன்னா'வ கவனிங்க, ரெண்டையும் சேத்து விடாதீங்க, கப்பி வாலைப் பாத்து ஃபைட்டர் இன்னொரு ஃபைட்டர்னு நெனச்சுக்கும். தம்பி ஜாடில வெச்சான்னுதான் மேல எழுதினேன், பொழைச்சுது, ஆனா அது வளர்ப்பு இல்ல, தண்டனை. கொஞ்சூண்டு தண்ணின்னா அழுக்கும் சீக்கிரம் ஏறும், வெயிலுக்கு சீக்கிரம் சூடாகும், வேலையும் ஜாஸ்தி. பெரிய தொட்டில வேலை கம்மிங்கறது இதனாலதான்.

தண்ணி, மணல், கண்ணாடி எல்லாம் சேந்து முப்பது கிலோவுக்கு பக்கமா வரும், அதனால டீப்பாய் மேல, ஃப்ரிட்ஜ் மேல வெக்காதீங்க. கீழ ஒரு தெர்மாகோல் ஷீட். ஜன்னல் வெயில் நேரா படற எடம் வேணாம், பச்சையா பாசி புடிச்சுரும். மூடி கண்டிப்பா வேணும், ஃபைட்டர் துள்ளி வெளிய விழும், காலைல எறும்பு மொய்ச்ச பிறகு தெரியறதுல பிரயோஜனமில்ல. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு வெரக்கடையாவது எடம் விடுங்க, மூச்சு விடணும்ல.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு சின்ன ஏர் பம்பும் போதும். டியூப்ல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போட்டுருங்க, இல்லன்னா கரண்டு போறப்ப தண்ணி பின்னாடி ஏறி பம்புக்குள்ள போயிரும், கைக்காசுக்கு வாங்கற பொருள்தான்.

சில்வர் பீச் மணலை அள்ளிட்டு வந்து போடறவங்க இருக்காங்க, சிப்பியும் அழகா அடுக்குவாங்க. உப்பு, சுண்ணாம்பு ரெண்டும் தண்ணில எறங்கும், வேணாம். கடைல கெடைக்கிற சின்ன கூழாங்கல்லை நாலஞ்சு தடவ அலசி ஒரு இஞ்ச் போடுங்க.

3. தண்ணி

இங்கதான் நம்ம ஊருக்கும் மத்த ஊருக்கும் வித்தியாசம். கடலோரத்துல பல தெருவுல போர் தண்ணி உப்பு கரிக்கும். எங்க வீட்டு தண்ணில டிடிஎஸ் மீட்டர (கரைஞ்ச உப்ப அளக்கறது) விட்டா 900 காட்டுது, அதுலயும் கப்பி குடும்பம் நடத்துது, அதுக்கு கடின தண்ணிதான் புடிக்கும். மோலின்னு ஒரு மீன், அது இன்னும் உப்பு தாங்கும், ஆனா அதுக்கு இத விட பெரிய தொட்டி வேணும். ஃபைட்டருக்கு கொஞ்சம் உப்பு கம்மியான மென்தண்ணி நல்லது, அதனால உப்பு ஜாஸ்தியா இருந்தா பாதி போர் தண்ணி பாதி கேன் தண்ணி கலந்துக்குங்க. முழுக்க ஆர்ஓ தண்ணில எந்த மீனையும் விடாதீங்க, அதுல சத்தே இருக்காது.

குழாய் தண்ணின்னா குளோரின் இருக்கும். வாயகலமான பக்கெட்டுல புடிச்சு தொறந்து 24 மணி நேரம் வெச்சா பறந்துரும், அவசரம்னா கடைல ஆன்டி குளோரின் சொட்டு கெடைக்கும்.

4. மீன் இல்லாம ஒரு மாசம்

இதான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிற எடம், மொதல் வாரத்துலயே மீன் செத்துருச்சுன்னு சொல்றவங்க பாதிப் பேரு இதுலதான் மாட்டியிருப்பாங்க. மீன் கழிவும் மிச்சம் விழுந்த சாப்பாடும் அம்மோனியாவா மாறும், அது மீனுக்கு விஷம். தொட்டில நல்ல பாக்டீரியா வளந்துச்சுன்னா அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை பாக்டீரியா அத நைட்ரேட்டா மாத்தும், அது கொஞ்சம் இருந்தா பரவால்ல. இந்த பாக்டீரியா ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். தயிருக்கு ஒறை குத்தற மாதிரிதான் இதுவும். தெரிஞ்சவங்க வீட்டுல ஓடற தொட்டி இருந்தா அந்த ஸ்பாஞ்சுலேர்ந்து ஒரு துண்டு வாங்கி உங்க ஃபில்டர் பக்கத்துல போடுங்க, சீக்கிரம் புடிச்சுக்கும்.

தொட்டில தண்ணி ரொப்பி, ஃபில்டர ஓட விட்டு, தெனம் ரெண்டு துணுக்கு மீன் சாப்பாடு மட்டும் போட்டுக்கிட்டு வாங்க. கூடவே செடி: ஜாவா மாஸ், ஹார்ன்வொர்ட், இல்ல வீட்டுல இருக்கற மணி பிளான்ட்டோட வேர மட்டும் தண்ணில விட்டாக்கூட நைட்ரேட்ட நல்லா உறிஞ்சும். நாலு வாரம் ஆனதும் டெஸ்ட் கிட்ல பாருங்க, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினாத்தான் மீன். காட்டலன்னா இன்னும் ஒரு வாரம். அக்கா பொண்ணு இதுலயே கடுப்பாகி 'வெறும் தண்ணிய பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கேன் மாமா'ன்னா. ஒக்காருன்னேன்.

5. கடைல

ஞாயித்துக்கெழம சண்டே மார்க்கெட் கூட்டத்துல அவசரமா வாங்காதீங்க, வேலைநாள் காலைல போய் நின்னு பாருங்க. செட்டைய ஒடம்போட ஒட்டி வெச்சுருக்கறது, உப்பு தூவின மாதிரி வெள்ளப் புள்ளி, அடில படுத்தே கெடக்கறது வேணாம். அதே தொட்டில ஒரு செத்த மீன் மெதந்தாலும் வேற கடை பாருங்க. சாப்பாடு போட்டுக் காட்டச் சொல்லுங்க, சாப்பிடற மீன்தான் பொழைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கவரோட தொட்டில இருவது நிமிஷம் மெதக்க விடுங்க, அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தொட்டித் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கவருக்குள்ள. கடைசில வலைல மீனை மட்டும் எடுத்து விட்டுட்டு கடைத் தண்ணிய கொட்டிருங்க. அன்னைக்கு சாப்பாடு வேணாம், லைட்டும் போட வேணாம்.

6. தெனசரி, வாராவாரம்

சாப்பாடு: ஃபைட்டருக்கு காலைல மூணு, சாயந்தரம் மூணு பெல்லட். கப்பிக்கு ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு. வாரத்துல ஒரு நாள் பட்டினி. சோறு, இட்லி, பொரி எதுவும் கூடாது, கோயில் குளத்துல போடற பழக்கத்துல போட்டுருவாங்க. மாடில தேங்கின தண்ணில கொசுப்புழு இருந்தா வடிகட்டி நல்ல தண்ணில அலசிப் போடுங்க, ரெண்டுக்குமே விருந்து அது. கொசுவ ஒழிக்க கெணத்துல கப்பி விடறதும் இதுக்குத்தான்.

வாரத்துக்கு ஒரு தடவ டியூப் வெச்சு அடில இருக்கற அழுக்கோட கால்வாசித் தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு, ஏற்கனவே புடிச்சு வெச்ச தண்ணிய ஊத்துங்க. முழுத் தண்ணியையும் மாத்தி, கல்லு கண்ணாடியெல்லாம் சோப்பு போட்டுத் தேச்சு பளபளன்னு வெச்சீங்கன்னா ஒரு மாசமா வளத்த பாக்டீரியா மொத்தமும் போச்சு, திரும்ப ஒண்ணுலேர்ந்து. ஸ்பாஞ்சையும் குழாய்ல காட்டாதீங்க, எடுத்த பழைய தண்ணிலயே ரெண்டு புழி புழிங்க. அந்த அழுக்குத் தண்ணி ரோஜாச் செடிக்கு அருமையான உரம், அக்கா திட்டறது இதுல பாதி கொறஞ்சுருச்சு.

ஹீட்டரெல்லாம் நம்ம ஊருக்கு வேணாம். பிரச்சனை அக்னி நட்சத்திரத்துலதான், தண்ணி சூடாக சூடாக அதுல காத்து கொறையும். மூடிய வலையா மாத்தி டேபிள் ஃபேன திருப்பி விடுங்க, ரெண்டு டிகிரியாவது எறங்கும், ஆவியாகற தண்ணிய மட்டும் அப்பப்ப ரொப்புங்க.

ஃபைட்டருக்கு ஒரு இலவச வைத்தியம்: பாண்டி தெருவுல, கடலூர்ல பல வீட்டு வாசல்ல நிக்குதே பாதாம் மரம், நாட்டு வாதுமை, அதுல தானா காஞ்சு விழுந்த பழுப்பு இலை ஒண்ண அலசிப் போடுங்க. தண்ணி டீத்தண்ணி கலர்ல மாறும், பயப்பட வேணாம், அது அதுக்குப் புடிச்ச தண்ணி. ஆன்லைன்ல இத பாக்கெட் போட்டு விக்கறாங்க, பாத்து சிரிச்சுட்டேன்.

வெள்ளப் புள்ளி வந்தா 10 லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் கல்லுப்ப தனியா கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, தெனம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க, எடுத்த தண்ணிக்கு ஏத்த உப்ப மட்டும் திரும்பச் சேருங்க. புள்ளி மறைஞ்சதும் நிறுத்திராதீங்க, அந்தக் கிருமி மீனை விட்டு அடில எறங்கி பெருகிட்டு திரும்ப வரும், பத்து நாள் தொடருங்க. மீன் ரொம்ப சோர்ந்தா கடைல மருந்து கேளுங்க.

7. ஊருக்குப் போறப்ப

நல்லா இருக்கற பெரிய மீன் நாலு நாள் சாப்பாடு இல்லாம தாராளமா இருக்கும். பொங்கலுக்கு போறீங்கன்னா முந்தின நாள் தண்ணி மாத்திட்டு லைட்ட அணைச்சுட்டு கெளம்புங்க. ஒரு வருஷம் நான் எதிர்வீட்டு அத்தைகிட்ட சாவி குடுத்து, தெனம் மூணே மூணு பெல்லட் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா டப்பா காலி, தொட்டி பால் மாதிரி வெளுத்துக் கெடக்கு. "அது என்னையே பாத்துக்கிட்டு வாயைத் தொறக்குதுப்பா, பசிக்குதுன்னு கேக்கறப்ப எப்படி மனசு வரும்"ங்கறாங்க. நல்ல வேளை ஃபைட்டர், மேல வந்து மூச்சு வாங்கிக்கிட்டு எனக்காகக் காத்துருந்துச்சு. இப்பல்லாம் ஊருக்குப் போனா அத்தைகிட்ட சாவி மட்டும்தான், சாப்பாட்டு டப்பா பீரோவுக்குள்ள.