மாவுச்சத்தைக் குறைக்கிறோம் என்று செய்யும் தவறுகள்

உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் மட்டுமல்ல, என்னிடம் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் 15 வருடம் முன்பு நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். சர்க்கரை, குளிர்பானம், பரோட்டா பற்றி எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்று நம்புவது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நானே வீட்டில் சொன்னதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் காலை இட்லியை நிறுத்திவிட்டுக் கஞ்சிக்கு மாற்றினேன். மாவை நைசாகச் சலித்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, மோர் விட்டு ஒரு சொம்பு. "சிறுதானியம்தானேப்பா, இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று டம்ளரில் மேலும் ஊற்றுவேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4 சதவீதத்திலிருந்து 8.6. அப்புறம்தான் குளுக்கோமீட்டர் வாங்கினோம். கஞ்சி குடித்து 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 262 மி.கி.! மூன்று இட்லி சாப்பிட்ட நாளில்கூட 200-ஐத் தாண்டவில்லை.

100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் 67 முதல் 72. அவ்வளவுதான் வித்தியாசம். கேழ்வரகின் சிறப்பு கால்சியமும் நார்ச்சத்தும். அந்த நார்ச்சத்திலும் ஒரு பகுதி சல்லடையில் தங்கிவிடுகிறது. நைஸ் மாவு வெந்து குழைந்துவிட்டால் மெல்லும் வேலையே இல்லை. மளமளவென்று செரித்து குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறிவிடும்.

கேழ்வரகை விடச் சொல்லவில்லை. சலிக்காத மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு இரண்டு சிறிய அடை, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். அப்பாவுக்கு அப்படி மாற்றியதும் அதே 2 மணி நேர அளவு 180-க்குள் வந்தது. சாமை, வரகு வாங்கும்போதும் ஒரு பிடி கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம்.

ராத்திரி சப்பாத்தி

கோதுமையும் மாவுச்சத்துதான். உருளைக்கிழங்கு குருமாவோடு நான்கு சாப்பிட்டால் சோற்றைக் குறைத்ததாகாது.

பழச்சாறு

வேண்டாம். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டே சோற்றை நிறுத்துவது

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயக்கமே வரலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று அவர் பார்க்கட்டும். பையில் எப்போதும் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.